34-ஆம் ஆவி

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால்தான் அது பிடிபடும். யாரோ ஒரு தந்தியைச் சுண்டுகிறார்கள். பாஞ்சோ போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் பாஞ்சோவின் துள்ளல் இல்லை. மழையில் ஊறிய மரப்பலகையில் வைத்து வாசித்த மாதிரி ஒரு மந்தம். மேலே ஏறப் பார்த்து, மனம் மாறித் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும் சின்னச் சுற்று. சில நொடிகளில் முடிந்துவிடும். மறுபடி அதே. மறுபடியும் அதே.

இந்தச் சில நொடிகள் எங்கே பிறந்தன, யார் யார் கைக்கு மாறின, 2019-இல் அமெரிக்கப் பாடல் வரிசையின் உச்சியில் 19 வாரம் எப்படி உட்கார்ந்தன என்று பல இரவு துருவித் துருவிப் படித்திருக்கிறேன். நானும் ராத்திரியில் பீட் போடுகிறவன். என்னோடு கூட்டாக வேலை செய்பவர்களில் ஒருவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. தறி ஓட்டுகிறவருக்கு ஊரின் பழைய சேலை ஒன்று கையில் கிடைத்தால் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரோ, அப்படித்தான் இந்தச் சுற்றை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறந்தது 2007-இன் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவில். ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ என்ற பெயரில் 1988 முதல் இசை செய்துவரும் ட்ரென்ட் ரெஸ்னர் அப்போதுதான் பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்திருந்தார். இனி என்ன வெளியிட வேண்டும், எப்போது வெளியிட வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. இசைக் கூட்டாளி ஆட்டிகஸ் ராஸையும் ஒலிக்கலவை வல்லுநர் ஆலன் மோல்டரையும் கூட வைத்துக்கொண்டு பத்து வாரம் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். பாட்டில்லை, சொல்லில்லை. கண்ணில் ஒரு காட்சியை நினைத்துக்கொள்வது, அதற்கு என்ன ஒலி வருகிறதோ அதைப் பதிவு செய்வது. அப்படிச் சேர்ந்தது 36 தடங்கள். நாலு பகுதி, பகுதிக்கு ஒன்பது. மொத்தத்துக்கும் ‘கோஸ்ட்ஸ்’, அதாவது ஆவிகள் என்று பெயர். ஒவ்வொரு தடத்துக்கும் தனிப் பெயர் வைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. எண் மட்டும் போட்டார்கள். நம் சுற்று இருப்பது நான்காம் பகுதியில் ஏழாவதாக. வரிசை எண் 34.

2008 மார்ச் 2-ஆம் தேதி முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அது இணையத்தில் வந்தது. முதல் ஒன்பது தடம் இலவசம். முப்பத்தாறும் வேண்டுமென்றால் 5 டாலர். ரசிகர்களுக்காகக் கையெழுத்துப் போட்ட 300 டாலர் பெட்டி 2,500 மட்டும் செய்திருந்தார்கள். சில நாளிலேயே தீர்ந்துபோயிற்று. முதல் பகுதியை டோரன்ட் தளங்களில் அவர்களே ஏற்றியும் விட்டார்கள். திருட்டு டவுன்லோடுக்கு எதிராக இசை நிறுவனங்கள் கோர்ட்டு வாசலில் நின்ற காலம் அது. இன்று நினைத்தாலும் எனக்கு அந்தத் துணிச்சல் பெரிதாகத் தெரிகிறது.

என் கண்ணில் அந்த வெளியீட்டின் முக்கியமான பாகம் விலைப்பட்டியல் கிடையாது, கூடவே வந்த உரிமம். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ வகையில் அவர்கள் தேர்ந்தெடுத்ததன் சாரம் இது: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், மாற்றலாம். எங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றிச் செய்ததையும் இதே நிபந்தனையோடு வெளியே விட வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் கழித்து வக்கீல்கள் அதைத்தான் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

34-ஆம் தடத்துக்கு அடுத்த வருடமே ஒரு கௌரவம் வந்தது. 2009 கிராமி விருதில், சிறந்த ராக் வாத்திய இசை என்ற பிரிவில் பரிந்துரை. விருது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ரசிகர்களின் ஹார்ட் டிஸ்கில், யூடியூபின் ஏதோ ஒரு மூலையில் அது பேசாமல் படுத்துக் கிடந்தது. ரெஸ்னரும் ராஸும் சினிமாவுக்குப் போனார்கள். ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்கள். ஆவிகளை யாரும் எழுப்பவில்லை.

எழுப்பியவன் நெதர்லாந்துப் பையன் ஒருவன்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பர்மரென்ட் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் மாட்டுச்சந்தைக்குப் பேர்போனது. அங்கே இருந்த பதின்வயதுக்காரன் கியோவா ரௌகெமா, ‘யங்கியோ’ என்ற பெயரில் பீட் செய்து விற்றுக்கொண்டிருந்தான். பீட் செய்கிற எங்களுக்கு யூடியூப் பாதிக் கடை, பாதிக் குப்பைமேடு. எடுத்து வெட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பழைய பாட்டாகக் கேட்டுக்கொண்டே போவோம். அவனுக்கும் அப்படித்தான் கிடைத்தது. யூடியூப் தானாகப் பரிந்துரைத்த வரிசையில் நைன் இன்ச் நெயில்ஸ் வந்து நின்றது. யார், எந்த ஊர், எத்தனை வருடப் புகழ் என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒலி பிடித்தது. எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்ட பிறகு நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை சாஃப்ட்வேரைத் திறந்தால் கறுப்புத் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒரு வரிசை கிக், ஒரு வரிசை ஸ்நேர், ஒரு வரிசை ஹை-ஹேட். எந்தக் கட்டத்தை அமுக்குகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். எடுத்துவந்த ஒலித்துண்டை இழுத்து இதற்குள் போடுவோம். போட்ட மாத்திரத்தில் ஒட்டாது. பழைய பதிவின் வேகம் வேறு, நம் கட்டத்தின் வேகம் வேறு. துண்டின் தொடக்கத்தை மில்லிசெகண்ட் கணக்கில் நறுக்குவோம். நீட்டுவோம், சுருதியை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். துண்டின் வால் அடுத்த சுற்றின் தலையில் ‘டக்’கென்று இடிக்கும்; அந்த இடியைத் தேய்த்து எடுக்க வேண்டும். இது கூடிவந்தால் கண்ணை மூடிக் கேட்கும்போது எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியாது. லூப் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

அதற்குக் கீழே யங்கியோ 808-ஐ வைத்தான். அந்த எண்ணுக்கும் ஒரு பூர்வ கதை இருக்கிறது. 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிரம் மெஷின் டிஆர்-808. நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 செய்ததோடு சில வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டதால்தான் அதற்கு அந்தத் தனிச் சீறல் வந்தது என்று நிறுவனர் இகுடாரோ ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். பழைய மெஷின்கள் அடிவிலைக்கு வந்தபோது அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். ஹிப்-ஹாப்பின் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிற அந்த நீண்ட ‘டூம்’ அங்கிருந்து வந்தது. அட்லாண்டாவின் ட்ராப் இசை அதன் மேல்தான் நிற்கிறது. எஃப்எல் ஸ்டுடியோ பெல்ஜியத்தில் பிறந்தது. அமெரிக்கத் தந்தி, ஜப்பான் அடி, பெல்ஜியம் சாஃப்ட்வேர், நெதர்லாந்துப் பையன். ஒரு பீட்டின் ஜாதகத்தைப் பிரித்தால் இப்படித்தான் இருக்கும்.

அதை அவன் அமெரிக்கக் கிராமத்து ‘கன்ட்ரி’ இசை என்று நினைத்துச் செய்யவில்லை. அவன் காதுக்கு அது ட்ராப் பீட்.

செய்த பீட்டை வைத்த கடைக்குப் பெயர் பீட்ஸ்டார்ஸ். எய்ப் பேட்ஷான் தொடங்கியது. 36 ஆவிகள் வெளிவந்த அதே 2008-இல். அந்தக் கடையின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டெழுதுகிற வழக்கம் உண்டு. இசையமைப்பாளர் மெட்டைக் கொடுப்பார், கவிஞர் சொல்லை வைப்பார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும், நடுவில் ஒரு படம் இருக்கும். பீட் கடையில் மெட்டு முதலில் செய்யப்பட்டு, யார் பாடப்போகிறார் என்றே தெரியாமல் அலமாரியில் காத்திருக்கும். பாட விரும்புகிறவர் கேட்டுப் பார்த்து லீஸ் எடுப்பார். லீஸ் என்றால் குத்தகை. பீட்டின் உரிமை செய்தவரிடமே இருக்கும். இருபது முப்பது டாலருக்கு எம்பி3 கிடைக்கும். இத்தனை ஸ்ட்ரீம் வரை, இத்தனை விற்பனை வரை என்று வரம்பு எழுதியிருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் வேவ் கோப்பு, இன்னும் கொடுத்தால் கிக் தனி, மெலடி தனி என்று பிரித்த ஸ்டெம்கள். அதே பீட்டை அதே நாளில் இன்னும் பத்துப் பேர் குத்தகைக்கு எடுக்கலாம். ஒருவருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் அது எக்ஸ்க்ளூசிவ். விலை நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும்.

இதில் இப்போது தனி ஆளாக வேலை செய்கிறவர் குறைவு. ஒருவருக்கு மெலடி வரும், டிரம்ஸ் கைவராது. இன்னொருவருக்கு 808 நடை ரத்தத்திலேயே இருக்கும், ராகம் வராது. முதலாமவர் லூப் செய்து அனுப்புவார், இரண்டாமவர் அடி வைப்பார், மூன்றாமவர் மிக்ஸ் செய்வார். ஜெர்மனியின் இரட்டையர் கியூபீட்ஸ் இப்படி லூப் செய்து கடல் தாண்டி அனுப்பியே அமெரிக்க ராப்பின் மேல்வரிசைக்குப் போனவர்கள். 2018 டிசம்பரில் அமெரிக்க முதலிடத்துக்கு வந்த டிராவிஸ் ஸ்காட்டின் ‘சிக்கோ மோட்’ பாட்டைத் தயாரித்தவர்களின் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. கடைகளும் இதற்கு வழி செய்திருக்கின்றன: பீட்டை ஏற்றும்போதே கூட்டாளிகளின் பெயரையும் சதவீதத்தையும் குறித்துவிட்டால் விற்ற பணம் அந்தந்தக் கணக்குக்குப் பிரிந்து போய்விடும். நாங்கள் பெரும்பாலும் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்வோம். “ப்ரோ, ஃபிஃப்டி ஃபிஃப்டி, ஓகேவா?” என்று ஒரு மெசேஜ், “ஓகே ப்ரோ” என்று ஒரு பதில். அந்தப் பதிலை மட்டும் நான் இப்போதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2018-இன் கடைசிப் பகுதி. அட்லாண்டா பக்கத்து லித்தியா ஸ்பிரிங்ஸில் வளர்ந்த மான்டெரோ ஹில் என்ற 19 வயது இளைஞர், கல்லூரியை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு, அக்கா வீட்டில் தங்கிப் பாட்டெழுதிக்கொண்டிருந்தார். ‘லில் நாஸ் எக்ஸ்’ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். யூடியூபில் பீட் தேடிக்கொண்டிருந்தவர் காதில் யங்கியோவின் பீட் விழுந்தது. அவருக்கு அந்தத் தந்தியில் தெரிந்தது ஒரு தனித்த கௌபாய்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது ஓடிப்போக நினைக்கும் ஒருவன். வீட்டில் வரவேற்பு தேய்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அது அவர் நிலைமையும்தான். 30 டாலர் கட்டி லீஸ் எடுத்தார். அன்றைய நம் பணத்தில் 2,000 ரூபாய்ச் சொச்சம்.

அட்லாண்டாவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அப்போது செவ்வாய்க்கிழமைதோறும் 20 டாலர் சலுகை இருந்தது. அங்கே போய் ஒரு மணி நேரத்துக்குள் பாடி முடித்தார். 2018 டிசம்பர் 3-ஆம் தேதி ‘ஓல்ட் டவுன் ரோட்’ வெளியாயிற்று. நீளம் 1 நிமிடம் 53 நொடி. தொடக்கத்தில் தந்தி சுண்டும் இடத்தில் காதைக் கூர்மையாக்கினால், பீட் செய்தவன் பெயர் இரண்டு தடவை மெல்ல ஒலிப்பது கேட்கும். டேக் என்போம் அதை. பானையின் அடியில் குயவர் வைக்கும் குறி மாதிரி. பீட் எங்கே போனாலும், யார் வாங்கினாலும், எந்தக் காகிதம் தொலைந்தாலும் அந்தக் குறி கூடவே போகும்.

பாட்டு ஓடியதற்கு மான்டெரோவின் உழைப்பே முதல் காரணம். கௌபாய் தொப்பி போட்ட சின்னச் சின்ன மீம் வீடியோக்களோடு பாட்டைச் சேர்த்துச் சேர்த்து அவரே பரப்பினார். பிறகு டிக்டாக் பிடித்துக்கொண்டது. சாதாரண உடையில் நிற்கும் ஒருவர், 808 விழும் நொடியில் துள்ளிக் குதித்துத் தரையிறங்கும்போது கௌபாயாக மாறியிருப்பார். லட்சக்கணக்கானவர்கள் அந்தத் துள்ளலைச் செய்தார்கள். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன்: அந்த விளையாட்டின் கீல் ரெஸ்னரின் தந்தியும் யங்கியோவின் அடியும் சந்திக்கிற அந்த ஒரே இடம். தந்தி மட்டும் ஓடும்போது பழைய ஆள், அடி விழுந்ததும் புது ஆள். இரண்டு ப்ரொட்யூசர்களின் வேலை ஒட்டியிருக்கும் தையலை, இசை தெரியாத குழந்தைகள்கூடச் சரியாகக் கண்டுபிடித்து அதன் மேல் குதித்தார்கள்.

யங்கியோவுக்கு இது எதுவும் தெரியாது. முப்பது டாலர் வந்த விற்பனைகளில் அதுவும் ஒன்று. ஒருநாள் இன்ஸ்டாகிராமில் யாரோ போட்ட மீம் வீடியோவில் தன் பீட் ஓடுவதைக் கேட்டுத்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. இப்படி நடப்பது அவனுக்கு மட்டும் இல்லை. மான்செஸ்டர்க்காரர் மெனஸ் 200 டாலருக்கு விற்ற பீட், டிசைனர் பாடிய ‘பாண்டா’வாகி 2016-இல் அமெரிக்க முதலிடத்துக்குப் போனது. நான் தூங்கும் நேரத்தில் ஏற்றி வைத்த ஒன்று, நான் பார்க்காத ஊரில் யாருடைய வாயிலோ பாட்டாகிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

2019 மார்ச். பில்போர்ட் பத்திரிகை அந்தப் பாட்டைக் கன்ட்ரி பட்டியலில் முதலில் சேர்த்து, பிறகு இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதுமான அளவு இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டது. கறுப்பின இளைஞன் பாடியதால்தானா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி, அன்றைக்குத் திருப்தியான பதில் வரவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. ஏப்ரல் 13 தேதியிட்ட பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே அமெரிக்காவில் மட்டும் 14 கோடியே 30 லட்சம் ஸ்ட்ரீம். பிறகு யங் தக், மேசன் ராம்சி, பிடிஎஸ் குழுவின் ஆர்எம் என்று ஆளாளுக்கு வந்து சேர்ந்தார்கள். குரல்கள் மாறின, ஊர்ப்பெயர்கள் மாறின. அடியில் தந்தி அதே இடத்தில் ஏறப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 17 வரை 19 வாரம். அதற்கு முன் யாரும் 16 வாரத்தைத் தாண்டியதில்லை.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. எனக்கு நெஞ்சில் நிற்பது மேடைக்குப் பின்னால் நடந்தது.

மார்ச்சில் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் மான்டெரோவை ஒப்பந்தம் செய்தது. பெரிய நிறுவனம் ஒரு பாட்டை வாங்கும்போது அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். மேல் அடுக்கில் மான்டெரோவின் குரல். அதற்குக் கீழே 30 டாலர் லீஸ். லீஸுக்குள் யங்கியோவின் பீட். பீட்டுக்குள் அனுமதி கேட்காத ஒரு துண்டு. கூடவே ‘வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று 2008-இல் எழுதிய நிபந்தனை. பாட்டோ ஏற்கனவே நாலு மாதமாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. ரெஸ்னரும் ராஸும் அன்று ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சட்டப்படி பாட்டை இறக்க வேண்டியிருக்கும்.

ரெஸ்னர் அந்த வருடக் கடைசியில் ஒரு பேட்டியில் இதைப் பற்றிப் பேசினார். அனுமதி கேட்டுத் தகவல் வந்தபோது, முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்ற பதற்றத்தில் எதிர்த்தரப்பு இருந்தது. எனக்கு ஆட்சேபம் இல்லை, பேசி முடியுங்கள், முட்டுக்கட்டை மட்டும் போடாதீர்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். வெளிச்சம் அந்த இளைஞர்கள் மேலேயே விழட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். பேட்டியின் சாரம் இது. பாட்டின் ஆசிரியர்களாக மான்டெரோ ஹில், கியோவா ரௌகெமா, ட்ரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் என்று நாலு பெயர் பதிவாயிற்று. தயாரித்தவர்கள் என்ற இடத்திலும் யங்கியோ, ரெஸ்னர், ராஸ் மூவர் பெயரும் உண்டு. முப்பது வருடமாக இசையில் இருக்கும் ரெஸ்னரின் பெயர் அமெரிக்க முதலிடப் பாட்டில் வந்தது அதுதான் முதல் தடவை.

அது எவ்வளவு சுமுகம் என்பது, எதிர்மாறாக நடந்ததைப் பார்த்தால்தான் உறைக்கும். 1997-இல் பிரிட்டனின் ‘தி வெர்வ்’ குழு ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’ வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டொன்றின் வாத்திய வடிவத்திலிருந்து எடுத்த ஒரு துண்டு அதில் இருந்தது. உரிமை வைத்திருந்த தரப்போடு தகராறு வந்து, பாட்டின் எழுத்துரிமை முழுக்க மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயருக்குப் போயிற்று. சொல்லெழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் 22 வருடம் தன் பாட்டின் வருமானத்தை வெளியில் நின்று பார்த்தார். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் அறிவித்தது 2019 மே மாதம். சரியாக அந்த மாதம் ‘ஓல்ட் டவுன் ரோட்’ முதலிடத்தில் இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடம் முன்பு நான் செய்த ஒரு லூப்பை, அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒருவருக்கு அனுப்பினேன். வீணை மாதிரி ஒரு சின்த், நாலு சுரம், எட்டு பார். அவர் டிரம்ஸ் வைத்தார், நன்றாகவே வைத்தார். பிறகு கொஞ்ச நாள் பேச்சில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மண்டப வாசலில் ஓடிய மாப்பிள்ளை அழைப்பு வீடியோவில் என் நாலு சுரம் ஒலித்தது. சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் அந்தத் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வீடியோ எடுத்தவரிடம் கேட்டதில், காசு கொடுத்து வாங்கிய பீட் என்றார். பொய் சொல்லவில்லை, விற்றவர் பெயரையும் காட்டினார். அதில் என் பெயர் இல்லை. யாரைக் கேட்பது? எந்தச் சதவீதம் என்று நாங்கள் பேசவே இல்லை. “அருமை ப்ரோ, பட்டையைக் கிளப்பலாம்” என்ற குரல்செய்திதான் எங்கள் ஒப்பந்தம். பணம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் அந்த நாலு சுரத்தை நான் எந்த இரவில், எந்த மனநிலையில் வாசித்தேன் என்பது எனக்குத் தெரியும். அது பெயரில்லாமல் ஊர் சுற்றுவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு லூப் அனுப்பினால் கூடவே ஒரு பக்க ஸ்ப்ளிட் ஷீட் போகிறது. யார் மெலடி, யார் டிரம்ஸ், விற்றால் எத்தனை, பாட்டாகிப் பதிவானால் எத்தனை, எடுத்த துண்டு ஏதாவது உள்ளே இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து. இந்தக் கடைசிக் கேள்வியை நான் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிற தம்பிகள் சிலர், “என்ன அண்ணே, நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிக்கிறார்கள். 34-ஆம் ஆவியின் கதையை அவர்களுக்குச் சொல்வேன். ரெஸ்னரையும் ராஸையும் விட்டால், அந்தச் சுற்றைப் பாட்டாக்கியவர்கள் யாரும் அதைச் செய்யும்போது யாரோடும் உட்கார்ந்து டீ குடித்தது இல்லை. பதினோரு வருடம், இரண்டு கண்டம். ஒருவர் எழுதி வைத்த உரிமம், இன்னொருவர் பதித்த டேக், ஒரு கடையின் 30 டாலர் ரசீது. நாலு பேரையும் கடைசியில் ஒரே தாளில் சேர்த்தது இவைதான். ரெஸ்னரின் பெருந்தன்மைக்கும் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டியிருந்தது.

பயணத்தின் விசித்திரமான நிறுத்தம் நாஷ்வில்லில். கன்ட்ரி இசைச் சங்கத்தின் 2019 நவம்பர் விருது விழாவில், சேர்ந்து பாடிய சிறந்த பாட்டுக்கான விருது ‘ஓல்ட் டவுன் ரோட்’டுக்குப் போனது. தயாரித்தவர்கள் என்ற முறையில் அது ரெஸ்னர், ராஸ் கணக்கிலும் சேர்ந்தது. இரைச்சலும் இரும்பும் மோதுகிற இசைக்குப் பேர்போன இருவர் கையில் கன்ட்ரி விருது. கன்ட்ரி இல்லை என்று மார்ச்சில் பட்டியலிலிருந்து இறக்கிய அதே பாட்டுக்கு. 2020 ஜனவரியில் இரண்டு கிராமியும் வந்தன. 2009-இல் அந்தத் தந்திக்குத் தவறிப்போன கிராமி, பெயர் மாறி, ஊர் மாறி, 808 கட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

2020 மார்ச் 26. உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாரம். ரெஸ்னரும் ராஸும் முன்னறிவிப்பு இல்லாமல் ‘கோஸ்ட்ஸ்’ ஐந்தாம், ஆறாம் பகுதிகளை இலவசமாக வெளியிட்டார்கள். அன்று ராத்திரியே இறக்கினேன். கோப்புறையைத் திறந்து, பழக்கத்தில் எண்ணைத் தேடினேன். முதல் நாலு பகுதியில் இருந்த மாதிரி வெறும் எண்கள் இல்லை. இந்தத் தடவை ஒவ்வொரு தடத்துக்கும் பெயர் வைத்திருந்தார்கள்.